ஒரே ஒரு கேபிள்... ஐந்து நாள் மௌனம்! - டோங்கா தீவுகள் கற்றுத்தந்த நிவாரணப் பாடம்

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு ராத்திரி போன் போகவில்லை என்றால் அம்மாவுக்குத் தூக்கம் வராது. ‘நெட்வொர்க் பிரச்னையா இருக்கும், படு’ என்று அப்பா சொல்வார். சொல்லிவிட்டு அவரும் விழித்துக்கொண்டுதான் படுத்திருப்பார். ஒரே ஒரு ராத்திரிக்கே இந்தப் பாடு. ஒரு நாடே ஐந்து நாள்கள் போனை எடுக்காமல் போனால்?

2022 ஜனவரி 15-ம் தேதி மாலை அதுதான் நடந்தது. தென் பசிபிக் கடலில், டோங்கா நாட்டின் தலைநகர் நுகுஅலோஃபாவிலிருந்து சுமார் 65 கி.மீ தொலைவில், ஹுங்கா டோங்கா - ஹுங்கா ஹாபாய் என்ற கடலடி எரிமலை வெடித்தது. புகையும் சாம்பலும் 50 கி.மீ-க்கும் மேலே, விமானங்கள் பறக்கும் உயரத்தைப்போல ஐந்து மடங்குக்கு எழும்பின. வெடிச் சத்தம் அலாஸ்கா வரை கேட்டது. சுனாமி தீவுகளுக்குள் புகுந்தது. சற்று நேரத்தில் டோங்காவுக்கும் உலகத்துக்கும் இடையே இருந்த பேச்சு நின்றுபோனது.

டோங்காவின் மக்கள்தொகை சுமார் 1 லட்சம்தான். நியூசிலாந்தில் மட்டும் 80,000-க்கும் அதிகமான டோங்கா வம்சாவளியினர் வாழ்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இன்னும் பல ஆயிரம் பேர். ‘ஊரில் பாதி, வெளியில் பாதி’ என்று வாழும் சமூகம் அது. அந்த மாலையில் ஆக்லாந்திலும் சிட்னியிலும் இருந்தவர்கள் செயற்கைக்கோள் படத்தில் தங்கள் ஊரின்மேல் பரவிய சாம்பல் குடையைப் பார்த்தார்கள். ஆனால், அந்தக் குடைக்குக் கீழே வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

ரியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில், உடல் முழுக்க எண்ணெய் பூசிக்கொண்டு மேல்சட்டை இல்லாமல் டோங்கா கொடியை ஏந்தி வந்த பீட்டா டௌஃபடோஃபுவாவைப் பலருக்கும் ஞாபகம் இருக்கும். அவருடைய தந்தை அப்போது ஹாபாய் தீவுக்கூட்டத்தின் ஆளுநர். உலகமே அறிந்த அந்த வீரருக்கும் அப்பாவைப் பற்றித் தகவல் கிடைக்கவில்லை. நாட்டுக்காக நிதி திரட்டியபடியே, ‘அப்பாவிடமிருந்து இன்னும் செய்தி இல்லை’ என்று சமூக வலைதளத்தில் எழுதினார். தந்தை பத்திரமாக இருக்கிறார் என்ற சேதி பிறகுதான் வந்தது. புகழும் பணமும் இருந்தவர்கூட மற்றவர்களைப்போலக் காத்திருக்க வேண்டியிருந்தது.

தோட்டத்துப் பைப் அளவே உள்ள உயிர்நாடி

ஏன் இந்த மௌனம்? டோங்காவை உலகத்தோடு இணைத்தது ஒரே ஒரு கடலடி ஃபைபர் கேபிள். பக்கத்து நாடான ஃபிஜி வரைக்கும் 827 கி.மீ நீளம். உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி உதவியோடு 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. ஆழ்கடலில் கிடக்கும் இந்த வகை கேபிள், செடிக்குத் தண்ணீர் விடும் பைப் அளவு பருமன்தான். ஒரு நாட்டின் இன்டர்நெட், வங்கிப் பரிமாற்றம், வெளிநாட்டு அழைப்பு எல்லாமே அதற்குள்தான்.

எரிமலை வெடித்தபோது மேலே எழுந்த பாறையும் சாம்பலும் திரும்பக் கடலில் விழுந்து, கடலடிச் சரிவுகளில் பெருவெள்ளமாகப் பாய்ந்தன. அந்தப் பாய்ச்சலின் வேகம் மணிக்கு 122 கி.மீ வரை இருந்திருக்கும் என்று பின்னர் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். நெடுஞ்சாலையில் போகும் காரின் வேகம் அது. அதன் பாதையில் கிடந்த கேபிள் பல இடங்களில் அறுந்தது. சில பகுதிகள் மண்ணுக்கடியில் புதைந்தன. வெளிநாட்டு கேபிள் மட்டுமல்ல, ஹாபாய், வவாவு போன்ற வெளித்தீவுகளைத் தலைநகரோடு இணைத்த உள்நாட்டு கேபிளும் போனது.

கேபிள் அறுந்தால் அரிசி மூட்டைக்கு என்ன ஆகும் என்று கேட்கலாம். நிவாரணம் என்பது முதலில் ஒரு தகவல். எந்தத் தீவில் எத்தனை பேர், குடிநீர் இருக்கிறதா, காயம்பட்டவர் உண்டா, விமானம் இறங்க ஓடுபாதை இருக்கிறதா என்று தெரிந்தால்தான் கப்பலில் எதை ஏற்றுவது என்று முடிவுசெய்ய முடியும். டோங்காவில் 36 தீவுகளில் மக்கள் வசிக்கிறார்கள். மாங்கோ என்ற சின்னஞ்சிறு தீவிலிருந்து ஆபத்து அறிவிப்பு சிக்னல் ஒன்று மட்டும் கிடைத்தது. அங்கே எல்லா வீடுகளும் அழிந்துவிட்டன. ஃபோனோய்ஃபுவா தீவில் இரண்டே வீடுகள் மிஞ்சின என்று டோங்கா அரசின் முதல் அதிகாரபூர்வ அறிக்கை வெளியானபோது, எரிமலை வெடித்து மூன்று நாள்கள் ஆகியிருந்தன.

ஒரு கம்பெனி செய்த வேலை

இந்த இடத்தில்தான் டிஜிசெல் என்ற பெயர் வருகிறது. அயர்லாந்துத் தொழிலதிபர் டெனிஸ் ஓ பிரையன், 2001-ல் ஜமைக்காவில் தொடங்கிய செல்போன் நிறுவனம் இது. கரீபியன் தீவுகளில் வளர்ந்து, பிறகு பசிபிக் தீவுகளுக்கும் வந்தது. பெரிய கம்பெனிகள் ‘இவ்வளவு சின்ன ஊரில் என்ன லாபம்?’ என்று தயங்கிய இடங்களில் டவர் நட்டு, ப்ரீபெய்டு சிம் விற்றது. டோங்காவில் அரசுக்குச் சொந்தமான தொலைத்தொடர்பு நிறுவனத்தோடு போட்டி போடும் தனியார் நிறுவனம் இதுதான்.

தீவில் இருந்த டவர்கள் எல்லாம் விழுந்துவிடவில்லை. தலைநகர்ப் பகுதியில் மின்சாரம் திரும்பத் திரும்ப, உள்ளூர் அழைப்புகள் ஓரளவு கிடைக்க ஆரம்பித்தன. வெளியுலகத்துக்குத்தான் வழியில்லை. தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் டோங்கா வளாகத்தில் ஒரு செயற்கைக்கோள் டிஷ் இருந்தது. அதைப் பயன்படுத்தித் தற்காலிகமாக 2ஜி இணைப்பு ஏற்படுத்தும் வேலை நடந்தது. பல்கலைக்கழகத்தின் டிஷ், கம்பெனியின் டவர், அரசின் ஒத்துழைப்பு என மூன்றும் சேர்ந்தபோது, வெளிநாட்டு அழைப்புகள் மீண்டும் கிடைக்கின்றன என்று டிஜிசெல் அறிவித்தது. வெடிப்பு நடந்து ஐந்தாவது நாள் அது.

2ஜி என்றால் இன்றைய பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரும். வீடியோ கிடையாது, வாட்ஸ்அப் போட்டோ போகாது. பேசலாம், எஸ்.எம்.எஸ் அனுப்பலாம், அவ்வளவுதான். அதுவும் ஒரே நேரத்தில் சிலருக்குத்தான் லைன் கிடைக்கும். திரும்பத் திரும்ப டயல் செய்ய வேண்டியிருந்தது. ஆனாலும் ‘நாங்க நல்லா இருக்கோம்’ என்ற சொற்களைக் கடல் தாண்டிக் கொண்டுபோக 2ஜி போதும்.

அந்தச் சொற்களோடு பணமும் வந்தது. வெளிநாட்டில் உழைக்கும் உறவினர்கள் அனுப்பும் தொகை, டோங்காவின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறக்குறைய 40 சதவிகிதத்துக்குச் சமம். உலகிலேயே இந்த விகிதம் மிக அதிகமாக உள்ள நாடுகளில் அதுவும் ஒன்று. இணைப்பு இல்லாத நாள்களில் அந்தப் பணம் வந்துசேர்வதும் தடைப்பட்டது. போன் லைன் திரும்பியபோது, வீட்டுச் செலவுக்கான வழியும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது.

கேபிளைச் சரிசெய்தது இன்னொரு கம்பெனி. சப்காம் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பழுதுபார்க்கும் கப்பல் ‘ரிலையன்ஸ்’, பப்புவா நியூ கினியாவின் போர்ட் மோர்ஸ்பியில் நின்றிருந்தது. குறைந்தது நான்கு வாரம் ஆகும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். கடலடியில் சிதைந்திருந்தது சுமார் 80 கி.மீ நீளம். கொக்கி போட்டுக் கடலடியில் துழாவி, நுனியைத் தேடி எடுத்து, புது கேபிளை ஒட்டி, சோதித்துப் பார்த்து மறுபடி கடலில் இறக்கினார்கள். பிப்ரவரி 22-ம் தேதி இணைப்பு திரும்பியது. மொத்தம் 38 நாள்கள். இதற்கிடையில் எலான் மஸ்க்கின் ஸ்பேஸ்எக்ஸ் பக்கத்து ஃபிஜியில் தரைநிலையம் அமைத்து, 50 செயற்கைக்கோள் ஆன்டெனாக்களை டோங்காவுக்கு இலவசமாகக் கொடுத்தது.

ஹெய்ட்டியில் நடந்த முன்கதை

டிஜிசெல்லுக்குப் பேரிடர் புதிதல்ல. 2010 ஜனவரி 12-ம் தேதி, 7.0 ரிக்டர் நிலநடுக்கம் கரீபியன் தீவு நாடான ஹெய்ட்டியின் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸைத் தரைமட்டமாக்கியது. அங்கே டிஜிசெல்தான் மிகப்பெரிய செல்போன் நிறுவனம். சுமார் 20 லட்சம் வாடிக்கையாளர்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் தலா 5 டாலருக்கு இலவச டாக்டைம் ஏற்றியது. ரீசார்ஜ் கடை இடிந்துகிடக்கும் ஊரில், பேலன்ஸ் இல்லாத போன் வெறும் பொம்மைதான் என்பது அந்தக் கம்பெனிக்குத் தெரிந்திருந்தது.

அதைவிடச் சுவாரஸ்யமான வேலை ஒன்று நான்கு இலக்க எண்ணில் நடந்தது. 4636 என்ற எண்ணுக்கு யார் வேண்டுமானாலும் இலவசமாக எஸ்.எம்.எஸ் அனுப்பலாம். ‘இன்ன தெருவில் தண்ணீர் இல்லை’, ‘இங்கே ஒருவர் சிக்கியிருக்கிறார்’ என்று ஹெய்ட்டியின் கிரியோல் மொழியில் செய்திகள் வந்தன. உலகெங்கும் இருந்த ஹெய்ட்டி வம்சாவளியினர் வீட்டில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்கள். அவை வரைபடத்தில் புள்ளிகளாக மாறி மீட்புக் குழுக்களுக்குப் போயின. ஊருக்கு ஓடிப்போக முடியாதவர்களுக்கும், ஊருக்காக ஒரு கை கொடுக்க வழி கிடைத்தது.

இன்னொன்று, சத்தமில்லாமல் நடந்தது. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தையும் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் டிஜிசெல்லிடம் ஒரு கோரிக்கை வைத்தார்கள். பெயர், அடையாளம் நீக்கப்பட்ட 19 லட்சம் சிம்கள் எந்த டவரிலிருந்து எந்த டவருக்கு நகர்ந்தன என்ற தகவல் கிடைத்தது. நிலநடுக்கத்தன்று தலைநகரில் இருந்தவர்களில் சுமார் 6,30,000 பேர், 19 நாள்களுக்குள் ஊரைவிட்டுப் போயிருந்தார்கள் என்று அந்த ஆய்வு மதிப்பிட்டது. எந்த மாவட்டத்துக்கு எத்தனை பேர் போனார்கள் என்றும் தெரிந்தது. அதே ஆண்டு காலரா பரவியபோது, பாதிக்கப்பட்ட பகுதியிலிருந்து ஜனங்கள் எங்கே போகிறார்கள் என்று ஒரு நாளைக்குள் சொல்ல முடிந்தது. கிராமத்து உறவினர் வீட்டில் ஒண்டியவர்களை எந்த முகாம் பதிவேட்டிலும் தேட முடியாது. அவர்கள் இருக்கும் திசையைச் சட்டைப்பையில் கிடந்த போன் சொன்னது.

இதில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. ஜனங்கள் எங்கே நகர்கிறார்கள் என்ற தகவல், நல்லவர் கையில் நிவாரணம். தவறானவர் கையில் வேவு. கொடுக்கலாமா, யாருக்கு, எவ்வளவு என்ற விதிமுறையை நிலநடுக்கம் வந்த பிறகு உட்கார்ந்து எழுத முடியாது.

தருமமா, தொழிலா?

இப்படிப்பட்ட செய்திகளைப் படிக்கும்போது இரண்டு விதமான குரல்கள் எழும். ‘எவ்வளவு நல்ல மனசு!’ என்பது ஒன்று. ‘எல்லாம் விளம்பரம்’ என்பது இன்னொன்று. இரண்டுமே பாதி உண்மைதான்.

செல்போன் கம்பெனிக்கு டவர் எழுந்து நின்றால்தான் வருமானம். வாடிக்கையாளர் பிழைத்தால்தான் ரீசார்ஜ். ஆகவே அதன் நன்மையும் ஊரின் நன்மையும் பேரிடர் நாளில் ஒரே திசையில் போகின்றன. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தண்ணீர் லாரி ஓட்டுபவர் வெள்ளத்தின்போது தண்ணீர் கொண்டுவந்தால், அவர் பிழைப்பும் அதுதானே என்று யாரும் குடத்தைக் கவிழ்த்துவிடுவதில்லை.

ஆனால், அந்த இரண்டு நன்மைகளும் பிரியும் இடங்கள் உண்டு. அவற்றைத்தான் பார்க்க வேண்டும். 

டோங்காவின் கேபிள் முன்பே ஒருமுறை, 2019 ஜனவரியில் அறுந்து, நாடு சுமார் இரண்டு வாரம் தவித்தது. அந்த அனுபவத்துக்குப் பிறகு அரசு, கசிஃபிக் என்ற செயற்கைக்கோள் நிறுவனத்தோடு 15 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. கேபிள் போனால் வானம் வழியாகப் பேசலாம் என்பது திட்டம். ஆனால், அது செயல்பாட்டுக்கு வரவே இல்லை. இரு தரப்புக்கும் இடையே சட்டத் தகராறு. எரிமலை வெடித்த நாளில் அந்த மாற்று வழி காகிதத்தில்தான் இருந்தது. செயற்கைக்கோள் மேலே சுற்றிக்கொண்டிருக்க, கீழே ஒரு பல்கலைக்கழக டிஷ்ஷைத் தேட வேண்டியிருந்தது. யார் பக்கம் நியாயம் என்பதை வழக்கறிஞர்கள் பேசிக்கொள்ளட்டும். அந்தத் தகராறின் விலையை ஐந்து நாள்கள் போன் அருகிலேயே உட்கார்ந்திருந்த குடும்பங்கள் கொடுத்தன.

அடுத்தது, கம்பெனி யார் கையில் என்பது. எரிமலை வெடிப்பதற்குச் சில மாதம் முன்பே, டிஜிசெல்லின் பசிபிக் பிரிவை 160 கோடி டாலருக்கு வாங்குவதாக ஆஸ்திரேலியாவின் டெல்ஸ்ட்ரா அறிவித்திருந்தது. அந்தத் தொகையில் 133 கோடி டாலரைக் கொடுக்க முன்வந்தது ஆஸ்திரேலிய அரசு. பசிபிக்கில் சீனாவின் செல்வாக்கு வளர்வதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. 2022 ஜூலையில் விற்பனை முடிந்தது. ஆக, ஒரு தீவு வீட்டின் ‘அலோ’வைச் சுமக்கும் டவர், பெரிய நாடுகளின் சதுரங்கத்தில் ஒரு காயாகவும் இருக்கிறது. இணைப்பு தொடர்ந்து கிடைக்கும்வரை வீட்டுக்காரருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. முதலாளி மாறினாலும் அவசர நாள் கடமை மாறாது என்று எழுதி வாங்கிவைப்பது அரசின் வேலை.

கடைசித் தீவுக்கு எப்போது?

மூன்றாவது இடம்தான் மனதை உறுத்துவது. தலைநகருக்கான வெளிநாட்டு கேபிள் 38 நாளில் சரியானது. ஹாபாய், வவாவு தீவுகளுக்கான உள்நாட்டு கேபிள் சரியாகச் சுமார் ஒன்றரை வருடம் ஆனது. அதன் பழுது பெரியது, மாற்றுவதற்கான புது கேபிளையும் தயாரித்துக் கொண்டுவர வேண்டியிருந்தது. காரணங்கள் நியாயமானவைதான். ஆனால், சுனாமியில் அதிகம் அடிபட்டவர்கள் வாழ்ந்தது அந்தப் பக்கத்து வெளித்தீவுகளில். அவர்கள் அவ்வளவு காலமும் செயற்கைக்கோள் வழியே வந்த மெல்லிய இணைப்பில் சமாளித்தார்கள். மாங்கோ தீவுக்காரர்கள் தங்கள் தீவுக்குத் திரும்பவே இல்லை. அவர்களுக்கு வேறொரு தீவில் புதிய குடியிருப்பு அமைக்கப்பட்டது.

லாபக் கணக்கில் கடைசித் தீவு எப்போதும் கடைசியில்தான் வரும். நாற்பது, ஐம்பது வீடுகளுக்காக எந்த நிறுவனமும் இரண்டாவது கேபிள் போடாது. அதைக் கம்பெனியின் கருணைக்கு விட்டால், கருணையும் தலைநகரோடு நின்றுவிடும். 2024-ல் நிலநடுக்கத்துக்குப் பிறகு உள்நாட்டு கேபிள் மறுபடி பழுதானது. அந்தத் தீவுகளில் பலர் ஸ்டார்லிங்க் ஆன்டெனாக்களை நம்பியிருந்தார்கள். உரிமம் இல்லை என்று அரசு முதலில் நிறுத்தச் சொன்னது, பிறகு அனுமதித்தது. உரிமம் கேட்பது தவறல்ல. ஆனால், அந்தப் பேச்சுவார்த்தையை கேபிள் நன்றாக இருந்த நாளிலேயே முடித்திருக்கலாம் அல்லவா?

உலக அளவில் இதற்கான முயற்சி இல்லாமல் இல்லை. செல்போன் நிறுவனங்களின் சர்வதேச அமைப்பான ஜி.எஸ்.எம்.ஏ, 2015-ல் பேரிடர்க் காலத்துக்கான ஒரு சாசனத்தைக் கொண்டுவந்தது. போட்டி நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று உதவுவது, முன்கூட்டியே தயாராக இருப்பது, அரசோடும் தொண்டு அமைப்புகளோடும் சேர்ந்து செயல்படுவது போன்றவை அதன் அடிப்படை. பல நாடுகளில் ஏராளமான நிறுவனங்கள் கையெழுத்திட்டிருக்கின்றன. கையெழுத்து நல்ல ஆரம்பம். டவருக்கு எத்தனை மணி நேர பேட்டரி இருக்கிறது, ஜெனரேட்டருக்கு டீசல் எங்கே இருக்கிறது, பேலன்ஸ் தீர்ந்தவருக்கு எத்தனை மணி நேரத்தில் இலவச அழைப்பு கிடைக்கும் என்ற கேள்விகளுக்கு ஒவ்வொரு தீவிலும் பதில் இருந்தால்தான் அந்தக் கையெழுத்துக்கு மதிப்பு.

ஒரு நிறுவனம் பேரிடரில் என்ன செய்தது என்று அளக்க, எத்தனை கோடி நன்கொடை என்று மட்டும் கேட்பது நம் வழக்கம். காசோலையோடு நிற்கும் போட்டோவும் அதற்கு ஏற்றாற்போல் வந்துவிடுகிறது. டோங்கா வேறொரு கேள்வியைக் கற்றுத்தருகிறது: எத்தனையாவது நாளில் மணி அடித்தது? தலைநகரில் ஐந்தாவது நாள். அடுத்த முறை அது முதல் நாளாக இருக்க வேண்டுமானால், செலவு இன்றைக்கே ஆக வேண்டும். கடல் அமைதியாகக் கிடக்கும் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில், யாரும் போட்டோ எடுக்காத ஓர் அலுவலகத்தில், ஒப்பந்தக் காகிதத்தில் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். வெளித்தீவு டவரின் பேட்டரியை ஒருவர் படகில் போய் மாற்றிவிட்டு வர வேண்டும். நிவாரணம் அன்றைக்கே தொடங்கிவிடுகிறது.